பேசத் தெரியாத டெலிபோன் ஆபரேட்டர்

சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கூடத்தில் சின்னக் கூட்டம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, இருபத்திரண்டு பேர், ஒரு மைக், கடைசியில் சுண்டல். பழைய சினிமாவைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். மின்சார ரயில் போகும்போதெல்லாம் நான் பேசுவது யாருக்கும் கேட்காது. மௌனப் படத்தில் வருகிற மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கென்று என்னிடம் கைவசம் ஒரு கதை உண்டு. எந்த ஊரிலும் கைதட்டல் வாங்கித் தரும். பம்பாயில் சுலோசனா என்று ஒரு நட்சத்திரம். நிஜப் பெயர் ரூபி மையர்ஸ். யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து நடிக்க வந்தவர். மௌனப் படங்களின் ராணி. கவர்னரைவிட அதிகச் சம்பளம். 1931-ல் சினிமா பேச ஆரம்பித்தது. ராணிக்கு இந்தி பேச வரவில்லை. இந்த இடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். அப்புறம், ‘சினிமாவுக்கு வாய் வந்தது, சுலோசனாவுக்கு வாய் போனது’ என்று முடிப்பேன்.

அன்றைக்கும் தட்டினார்கள்.

சுண்டல் வாங்கப் போகிற வழியில் எங்கள் தெரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எண்பதைத் தாண்டியவர். 1962-ல் டெலிபோன் இலாகாவில் சேர்ந்து, டிரங்க் போர்டுக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு பாதி ஆயுளைக் கழித்தவர்.

“நல்லாத்தான் பேசினே தம்பி. ஆனா ஒரு கணக்கு இடிக்குதே.”

“எதுக்கா?”

“டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவளுக்குப் பேச வரலைன்னா எப்படி? நாள் பூரா பேசறதுதானே அந்த உத்தியோகமே?”

“அவங்களுக்கு இங்கிலீஷ்தான் வரும்க்கா. இந்தி வராது.”

“வரலைன்னா கத்துக்கிட்டிருக்க மாட்டாளா? நான் டிரங்க் போர்டுக்கு வந்தப்ப எனக்கு என்ன இந்தி தெரியும்? பம்பாய்க்காரி, டெல்லிக்காரிகிட்டே மல்லுக்கட்டி ஆறு மாசத்துல பிடிச்சுக்கிட்டேன். நீ என்னவோ ராணிங்கறே, மகாராணிங்கறே. அவளுக்கு அது முடியாமப் போச்சாமா?”

சுண்டல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா சொன்னதுதான் சரி. சுலோசனா இந்தி கற்றுக்கொண்டார். திரும்பி வந்தார். பேசும் படங்களிலும் ஜெயித்தார். இத்தனை வருஷமாக நான் ஊர் ஊராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியது பாதிக் கதை.

மீதிப் பாதியைச் சொல்லாவிட்டால் அக்கா என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார். எனவே இந்த வாரம் அது.

*

ரூபி மையர்ஸ் 1907-ல் புனேயில் பிறந்தார். பாக்தாதி யூதக் குடும்பம். பாக்தாத், பஸ்ரா பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காகப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே வந்து பம்பாய், கல்கத்தா, புனே என்று தங்கிவிட்டவர்களின் வம்சம். பம்பாயின் சசூன் டாக் இந்தச் சமூகத்துப் பணக்காரர்களின் ஞாபகம்தான். நம்ம ஊருக்கும் யூதர்கள் புதிதில்லை. ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு இருக்கிறதே, அது பதினேழாம் நூற்றாண்டில் பவழத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வியாபாரிகளின் நினைவாக நிற்கிற பெயர்.

ரூபியின் தலைமுறைக்குள் அந்தச் சமூகம் அரபியை விட்டு ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் தெரிந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைக்கும். ரூபிக்கும் கிடைத்தது. கோஹினூர் ஃபிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி என்ற டைரக்டர் அவரைப் பார்த்துவிட்டு நடிக்கக் கூப்பிட்டார். ரூபி மறுத்துவிட்டார். நடிகை என்றால் ஊர் என்ன பேசும் என்பது யூதக் குடும்பத்துக்கும் தெரியும். பவ்னானி விடாமல் கேட்டார். கடைசியில் சரி என்றார்.

ஏன் ஒரு யூதப் பெண்ணைத் தேடிப் போக வேண்டும்? காரணம் எளிது. வேறு யாரும் வரமாட்டேன் என்றார்கள். 1913-ல் தாதாசாகிப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தபோது தாராமதி வேஷத்துக்குப் பெண் கிடைக்காமல், ஹோட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆணுக்குப் புடவை கட்டிவிட்டார். அப்புறம் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் துணிந்து வந்தார்கள். வந்ததும் முதல் வேலை, பெயரை மாற்றுவது. ரெனீ ஸ்மித் ‘சீதா தேவி’ ஆனார். எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் ‘பிரமிளா’ ஆனார். 1947-ல் முதல் மிஸ் இந்தியா ஆனவர் இவர்தான். பிற்பாடு ‘ஆன்’ படத்தில் (1952) திமிர் பிடித்த ராஜகுமாரியாக வந்த நாதிரா, வீட்டில் ஃப்ளாரன்ஸ் எசக்கியேல்.

ரூபிக்குக் கிடைத்த பெயர் சுலோசனா. அழகிய கண்ணுடையவள் என்று அர்த்தம். இந்திரஜித்தின் மனைவி பெயரும் அதுதான். 1934-ல் வந்த முதல் கன்னடப் பேசும் படத்தின் தலைப்பே ‘சதி சுலோசனா’. அதாவது, நம் வீட்டுப் பெண்களை நடிக்க அனுப்ப மாட்டோம். நடிக்க வந்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நம் பதிவிரதையின் பெயரை வைத்துக் கும்பிடுவோம். இது மரியாதையா, கேலியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

*

மௌனப் படத்தில் ஒரு பெரிய ஜனநாயகம் இருந்தது. யாருக்கு எந்த பாஷை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. வசனத்தை எழுத்தில் போட்டுவிடுவார்கள். 1926-ல் சந்துலால் ஷா எடுத்த ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுலோசனா. இன்னொரு பக்கம், நம் புதுக்கோட்டையிலிருந்து பம்பாய்க்குப் போன பயில்வான் ராஜா சாண்டோ. ஷூட்டிங் இடைவேளையில் இரண்டு பேரும் எந்த பாஷையில் பேசியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. திரையில் அதனால் ஒரு குறையும் வரவில்லை.

அவர் நடித்த படங்களின் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஒரு விஷயம் புரியும். டைப்பிஸ்ட் பெண், சினிமா ராணி, ‘இந்திரா பி.ஏ.’ (1929). எல்லாம் வேலைக்குப் போகிற, படித்த, நகரத்துப் பெண்கள். ஜனங்களுக்கு அப்படி ஒரு பெண்ணைப் பார்க்கவும் ஆசை, அவளைக் கண்டிக்கவும் ஆசை. பார்க்க நம்மவள் மாதிரியும் இருக்க வேண்டும், நம்மவள் இல்லை என்ற நிம்மதியும் வேண்டும். இரண்டுக்கும் சுலோசனாவின் முகம் பொருந்தியது. அவர் ‘அழகாக இருந்தார்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த வியாபாரத்தைக் கவனிப்பதில்லை.

வெறும் அழகு என்றும் தள்ளிவிட முடியாது. 1927-ல் ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’ படத்தில் எட்டு வேஷம். தோட்டக்காரன், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப் பையன், வெள்ளைக்காரப் பெண் என்று பட்டியல் போகிறது. நாம் ‘நவராத்திரி’யில் (1964) சிவாஜியின் ஒன்பது வேஷத்தை இன்றுவரை பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதற்கு 37 வருஷம் முந்தி, இருபது வயதுப் பெண் ஒருத்தி எட்டுப் போட்டிருக்கிறாள். அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. அவருடைய புகழ்பெற்ற மௌனப் படங்கள் பலவற்றுக்கும் அதே கதிதான். கிடைத்திருந்தால் அதையும் விவாதித்திருப்போம்.

கோஹினூரிலிருந்து இம்பீரியல் கம்பெனிக்கு மாறினார். ‘மாதுரி’ (1928) பிய்த்துக்கொண்டு ஓடியது. காந்தி ஒரு கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்ததைச் சின்னப் படமாகக் காட்டியபோது, அதோடு ‘மாதுரி’யில் சுலோசனா ஆடிய டான்ஸையும் சத்தம் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கூட்டம் யாருக்காக வந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

*

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருவோம்.

1927-ல் அமெரிக்காவில் ‘ஜாஸ் சிங்கர்’ வந்தது. ஜெப ஆலயத்தில் பாடுகிற யூத அப்பா, மேடையில் பாட ஆசைப்படும் மகன். மகனாக நடித்த ஆல் ஜோல்சனும் யூதர். சினிமா வாயைத் திறந்ததே ஒரு யூத வீட்டுக் கதையில்தான். நாலு வருஷம் கழித்து, 1931 மார்ச் 14-ந் தேதி, அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி ‘ஆலம் ஆரா’வை வெளியிட்டது. ஸ்டூடியோ ரயில் பாதைக்குப் பக்கத்தில். பகலில் எடுத்தால் கதாநாயகிக்குப் பதில் ரயில் பேசும். அதனால் ராத்திரி ரயில் ஓய்ந்த பிறகு எடுத்தார்கள். சைதாப்பேட்டை மாடிக் கூடத்தில் பேசிய எனக்கு இரானியின் கஷ்டம் நன்றாகப் புரிகிறது.

கதாநாயகி ஜுபைதா. கம்பெனியின் ராணி சுலோசனா அந்தப் படத்தில் இல்லை.

கதாநாயகன் யார் தெரியுமா? மாஸ்டர் விட்டல். மராட்டிக்காரர், மௌனப் படத்துச் சண்டை வீரர். அவருக்கும் உருது சரியாக வராது. என்ன செய்தார்கள்? மயக்கத்தில் இருப்பவன், பாதி நினைவில் நடமாடுபவன் என்று பாத்திரத்தையே மாற்றி, வசனத்தைக் குறைத்துவிட்டார்கள். பேச வராத ஆணுக்காகக் கதை மயக்கம் போட்டு விழுந்தது. பேச வராத பெண் போய்ப் பாடம் படிக்க வேண்டியிருந்தது. இதை நான் மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை. கவனித்ததே அக்கா கேட்ட பிறகுதான்.

அதே வருஷம், அதே இம்பீரியல் கம்பெனி, அதே ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட செட்டுகள். நம் ஊர் நாடகக் கம்பெனிகளில் சிறுமியாகச் சேர்ந்து மேடையேறிய டி.பி.ராஜலட்சுமி பம்பாய்க்குப் போய் எச்.எம்.ரெட்டி டைரக்ஷனில் ‘காளிதாஸ்’ நடித்தார். 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் ரிலீஸ். நாம் முதல் தமிழ்ப் பேசும் படம் என்று கொண்டாடுகிறோமே, அது. நாயகி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். ஜனங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நடுவில் காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு.

ஒரே ஸ்டூடியோ. ஒரே மைக். அது வந்ததும் திருவையாற்றுப் பக்கத்துப் பெண்ணுக்குக் கதவு திறந்தது. புனே யூதப் பெண்ணுக்குச் சாத்தியது. பின்னணிப் பாட்டு இன்னும் வராத காலம். பேசுகிற வாயே பாடவும் வேண்டும். நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர்களுக்கு அது பொற்காலம். ‘பக்த நந்தனா’ரில் (1935) ஆண் வேஷத்தில் நந்தனாராக நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அது முகத்துக்குக் கொடுத்த விலையில்லை. அந்தக் குரலுக்குக் கொடுத்தது.

இதுவரை என் பழைய கதையில் பெரிய பிழை இல்லை. பிழை இதற்குப் பிறகு.

*

சுலோசனா ஒரு வருஷம் ஒதுங்கி, இந்துஸ்தானி படித்தார். 1932-ல் ‘மாதுரி’யைப் பேசும் படமாக எடுத்தார்கள்; அவரே நாயகி. 1934-ல் ‘இந்திரா பி.ஏ.’ மறுபடி வந்தது. இந்தத் தடவை பெயர் ‘இந்திரா எம்.ஏ.’ ஐந்து வருஷத்தில் இந்திரா மேல்படிப்பு முடித்துவிட்டாள். அவளாக நடித்தவரும் ஒரு பாஷையில் தேறிவிட்டார். 1935-ல் ‘அனார்கலி’. 1936-ல் ‘பம்பாயி கி பில்லி’. எட்டு வேஷம் போட்ட பழைய பூனைதான், இப்போது பேசுகிற பூனை. கூடவே ரூபி பிக்ஸ் என்று சொந்தக் கம்பெனி. இதற்கா நான் ‘வாய் போனது’ என்றேன்?

சம்பளக் கதையையும் பார்த்துவிடுவோம். இம்பீரியலில் அவருக்கு மாதம் 5,000 ரூபாய், ஓட்டுவதற்குப் பளபளவென்று ஒரு செவர்லே கார். ‘பம்பாய் கவர்னரைவிட அதிகம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் சொன்னேன். 1935-ம் வருஷத்து இந்திய அரசுச் சட்டத்தின் அட்டவணையில் கவர்னர்கள் சம்பளம் இருக்கிறது. பம்பாய் கவர்னருக்கு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். மாதம் 10,000. சுலோசனாவுக்கு அதில் பாதி.

ஒரு பெண் அந்தக் காலத்தில் தன் உழைப்பில் மாதம் 5,000 சம்பாதித்தாள் என்பதே பெரிய சேதி. அது நமக்கு ஏன் போதவில்லை? கவர்னரை ஏன் இழுக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் சொல்லப் போவது ஒரு விழுந்த கதை. உயரத்திலிருந்து விழுந்தால்தானே சத்தம் அதிகமாகக் கேட்கும்? அதனால் முதலில் ஏணி போட்டு ஏற்றி வைக்கிறோம். நடிகைகளைப் பற்றி நாம் எழுதியவற்றில் பாதி இப்படித்தான். ஏற்றிவைத்த கையே தள்ளியும் விடும். இடையில் அவர்கள் செய்த வேலை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் சுலோசனா எதில் தோற்றார்? பதில் ‘அனார்கலி’யில் இருக்கிறது.

*

அக்பர் மகன் சலீமைக் காதலித்து உயிரோடு சமாதியான பெண் அனார்கலி. இம்தியாஸ் அலி தாஜ் 1922-ல் எழுதிய உருது நாடகத்துக்குப் பிறகு அவளுக்கு ஓய்வே இல்லை. நமக்கும் தெரிந்தவள்தான், ‘இல்லற ஜோதி’க்குள் (1954) சிவாஜியும் பத்மினியும் போடுகிற சலீம் அனார்கலி நாடகத்தை மறக்க முடியுமா?

1928-ல் லாகூர்க் கம்பெனி ஒன்று இந்தக் கதையை எடுத்துக்கொண்டிருந்தது. நாயகி நம் ரெனீ ஸ்மித் என்கிற சீதா தேவி. இம்பீரியல்காரர்கள் மோப்பம் பிடித்து, சுலோசனாவை வைத்துச் சுடச்சுட எடுத்து முந்திக்கொண்டார்கள். ஆக, மொகலாய அரண்மனையின் காதலிக்காகப் போட்டி போட்டவர்கள் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்ணும் ஒரு யூதப் பெண்ணும். இது முதல் அனார்கலி. வாயில்லாதவள்.

1935-ல் இரண்டாவது. பேசுகிறவள். இரண்டிலும் சுலோசனாவே அனார்கலி.

1953-ல் இன்னொரு ‘அனார்கலி’ வந்தது. பீனா ராய் அனார்கலி, பிரதீப் குமார் சலீம், சி.ராம்சந்திரா இசை. பாட்டுகள் சிலோன் ரேடியோவிலிருந்து சலூன் வரை ஒலித்தன. அதிலும் சுலோசனா இருக்கிறார். சலீமின் அம்மாவாக. டைரக்டர் நந்தலால் ஜஸ்வந்த்லால். 1934-ல் சுலோசனாவை வைத்து ‘இந்திரா எம்.ஏ.’ எடுத்த அதே ஆள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செட்டுக்குள் வருகிறார். ஒரு காலத்தில் தனக்குச் சொந்தமாக இருந்த வேஷத்தைச் சின்னப் பெண் ஒருத்தி போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளை ஏற்க மறுக்கிற வீட்டுக்கு இவர் ராணியம்மா. தன்னைத் தானே நிராகரிக்கிற வேஷம். எத்தனை பேருக்கு இப்படி ஒரு காட்சி வாய்க்கும்? அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து போகாமல், ஒருமுறை அந்த அம்மாவை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

அவரைத் தோற்கடித்தது மைக் இல்லை. மைக்கை அவர் ஒரே வருஷத்தில் ஜெயித்துவிட்டார். தோற்கடித்தது காலண்டர். பாஷை கற்றுக்கொள்ளலாம். இருபது வயதைக் கற்றுக்கொள்ள முடியாது.

நடுவில் இன்னொரு கூத்து. 1947-ல் ‘ஜுக்னு’. நூர்ஜஹானும் திலீப்குமாரும் நடித்த படம். எங்கள் சைதாப்பேட்டையில் நூர்ஜஹான் என்றே ஒரு தியேட்டர் இருந்தது. அந்தப் பெயர் பாடகிக்கா, மொகலாய மகாராணிக்கா என்று டிக்கெட் எடுத்தவர்கள் யாரும் கேட்டதில்லை. ‘ஜுக்னு’வில் சுலோசனாவுக்குச் சின்ன வேஷம். வயதான பேராசிரியர் ஒருவருக்கு அவர்மேல் ஒரு சபலம். பம்பாயில் படத்துக்குத் தடை வந்தது. உள்துறை மந்திரி மொரார்ஜி தேசாய். பேராசிரியருக்கு அந்த வயதில் காதல் வருவது ஒழுக்கக்கேடு என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சுலோசனாவுக்கு அப்போது நாற்பது. நாற்பது வயதுப் பெண்ணை ஒருவர் திரையில் ஆசையாகப் பார்த்ததற்கே அரசாங்கம் பதறியது. அறுபது வயது நாயகன் இருபது வயதுப் பெண்ணைத் துரத்துகிற படங்களுக்கு எந்த மந்திரியும் பதறி நான் பார்த்ததில்லை.

இது பம்பாய்ப் பழக்கம் மட்டும்தானா? நம் டி.பி.ராஜலட்சுமிக்கு வருவோம். மைக் கதவைத் திறந்துவிட்ட அதிர்ஷ்டசாலி என்றேன் அல்லவா? 1936-ல் ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதி, தயாரித்து, டைரக்டும் செய்தார். தென்னாட்டின் முதல் பெண் டைரக்டர். 1938-ல் ஏவி.எம்.மின் ‘நந்தகுமார்’ வந்தபோது அவருக்கு என்ன வேஷம் தெரியுமா? கிருஷ்ணனுக்கு அம்மா, யசோதை. ‘காளிதாஸ்’ நாயகி ஏழே வருஷத்தில் அம்மா. வயது இருபத்தேழு.

ஒருத்திக்குக் கதவு சாத்தியது, ஒருத்திக்குத் திறந்தது என்று மேலே எழுதினேன். இரண்டு வாசலுக்கும் உள்ளே இருந்தது ஒரே வீடுதான்.

‘பேசும் படம் வந்து மௌன நட்சத்திரங்களை அழித்தது’ என்ற கதை நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இப்போது தெரிகிறது. பழியை இயந்திரத்தின்மேல் போட்டுவிடலாம். மைக் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. பார்க்கிற நாம், எடுக்கிறவர்கள், எழுதுகிற என்னைப் போன்றவர்கள், யாரும் பொறுப்பேற்க வேண்டாம்.

1973-ம் வருஷத்துக்கான தாதாசாகிப் பால்கே விருது சுலோசனாவுக்குக் கொடுக்கப்பட்டது. விருது ஆரம்பித்து ஐந்தாவது வருஷம். தேவிகா ராணிக்குப் பிறகு இரண்டாவது பெண். கடைசிவரை சின்னச் சின்ன வேஷங்களில் வந்துகொண்டிருந்தார். 1983 அக்டோபரில் மும்பையில் காலமானார். வழக்கமாக இந்த இடத்தில் ‘மறக்கப்பட்டு, தனிமையில்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். நான் எழுதப் போவதில்லை. நடிக்கவே தெரியாமல் வந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் கேமரா முன்னால் நின்று, சொந்த வருமானத்தில் வாழ்ந்த ஒரு உழைப்பாளியின் கணக்கை அந்த ஒரு வரியில் மூடுவது நியாயமில்லை.

*

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, “பாவம், நல்ல வேலையை விட்டுட்டுப் போயிருக்கா” என்றார்.

“என்னக்கா இது! ஐயாயிரம் ரூபாய் சம்பளம், கார்...”

“அது சரி தம்பி. நான் சொல்றது வேற. போர்டுல உட்கார்ந்தா எங்க மூஞ்சி யாருக்கும் தெரியாது. குரல் மட்டும்தான். மதுரையிலேர்ந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் தினம் மெட்ராஸ் கால் போடுவார். இருபது வருஷம் என் குரலைக் கேட்டிருக்கார். எனக்கு ரெண்டு பிள்ளை பொறந்து, தலை நரைச்சு, மூக்குக் கண்ணாடி போட்டாச்சு. அவர் அப்பவும், ‘நல்லா இருக்கியாம்மா பாப்பா’ன்னுதான் கேட்பார். குரலுக்கு வயசு தெரியாது தம்பி. மூஞ்சிக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு வயசே ஆகாத வேலையை விட்டுட்டு, வயசாகற வேலைக்குப் போயிட்டா.”

இத்தனை புத்தகம் புரட்டியும் எனக்குத் தோன்றாத விமரிசனம் இது. குரல் மட்டும் போதும் என்ற உத்தியோகத்திலிருந்து, முகம் மட்டும் போதும் என்ற உத்தியோகத்துக்குப் போனார். நடுவழியில் குரலும் வேண்டும் என்றார்கள், கொடுத்தார். வயது மட்டும் ஆகக் கூடாது என்றார்கள். அதை யார் கொடுக்க முடியும்?

“உங்களை யாராவது நடிக்கக் கூப்பிட்டிருந்தா போயிருப்பீங்களாக்கா?”

அக்கா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் யோசித்தார்.

“எட்டு வேஷம்னு சொன்னே இல்ல? போலீஸ்காரர் வேஷம் குடுத்தா போயிருப்பேன்.”

அடுத்த மாதம் இன்னொரு கூட்டம். இந்தப் புதுக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கைதட்டல் குறையும் என்று தெரியும். சுண்டலைக் குறைக்காமல் இருந்தால் சரி.